பின் ஷொக்கை மாற்றுமுன் அளந்து பாருங்கள்

ஊர்காவற்றுறையிலிருந்து பண்ணைப் பாலம் வழியாகத் தினமும் யாழ்ப்பாண நகருக்கு வேலைக்கு வரும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "மனைவியை ஏற்றிக்கொண்டு போனால் பள்ளங்களில் மோட்டார் சைக்கிளின் பின்பக்கம் அடிமுட்டுகிறது. கராச்சில் பின் ஷொக் இரண்டையும் கடைசிப் படிவரை ஏற்றிவிட்டார்கள். இப்போது தனியே வரும்போது இடுப்பு முறிகிறது. புது ஷொக் வாங்க வேண்டுமா?"

அவசரப்பட்டு வாங்காதீர்கள், தம்பி. ஷொக்கின் ஸ்பிரிங்கைத் தாங்கும் வளையத்தைத் திருகினால் அது படிப்படியாக ஏறும், இறங்கும்; அதைத்தான் படி என்கிறோம். படியை ஏற்றினால் ஸ்பிரிங் இறுகிவிடும் என்று கராச்சுகளிலேயே பலர் நம்புகிறார்கள். அது தவறு. ஸ்பிரிங்கின் வலு எந்தப் படியிலும் ஒன்றுதான். பாரம் ஏறும்போது வண்டி எந்த உயரத்தில் நிற்கிறது என்பதைத்தான் படி தீர்மானிக்கிறது. உங்களுடைய வண்டியில் நீங்கள் தனியே ஏறி அமர்ந்தால் பின்பக்கம் போதிய அளவு இறங்குவதில்லை. குழி வந்தால் சில்லு கீழே இறங்கித் தரையைப் பிடிக்க இடமில்லை. அந்த இடி நேரே முள்ளந்தண்டில் விழுகிறது.

ஒரு அளவுநாடாவும் உதவிக்கு ஒருவரும் போதும். நடு ஸ்டாண்டில் ஏற்றி, பின் சில்லு தரையில் படாமல் தொங்கும்போது, அச்சு நட்டின் நடுவிலிருந்து நேர் மேலே சீட்டுக்குக் கீழே ஓர் அடையாளம் வரை அளந்து எழுதுங்கள். 540 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். பிறகு வண்டியைத் தரையில் இறக்கி, வழக்கமாக அணியும் உடுப்போடும் ஹெல்மட்டோடும் அமர்ந்து, இரண்டு மூன்று முறை குலுக்கிவிட்டு, அதே இடத்தை மற்றவரை அளக்கச் சொல்லுங்கள். 510 வந்தால் 30 இறங்கியிருக்கிறது. பின் சில்லு ஏறி இறங்கும் மொத்தத் தூரம் 100 மில்லிமீற்றர் என்றால், 25 முதல் 33 வரை இறங்குவது சரி. உங்களுக்கு இப்போது பத்துப் பன்னிரண்டுகூட வராது என்றே நினைக்கிறேன். ஒவ்வொரு படியாக இறக்கி, மீண்டும் அளந்து பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்க வேண்டும்; இதில் கவனம் தப்பக்கூடாது.

மனைவி ஏறும் நாட்களில் இரண்டு மூன்று படி ஏற்றுங்கள். வண்டியோடு வந்த கொக்கி ஸ்பானர் இருந்தால் ஐந்து நிமிட வேலை. பின் ரயரின் காற்றையும் இருவருக்குரிய அளவுக்குக் கூட்டுங்கள். அந்த அளவு செயின் உறையிலோ கையேட்டிலோ இருக்கும். கடைசிப் படியிலும் இருவரோடு அடிமுட்டினால், அப்போது ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம்.

ஷொக்கின் எண்ணெய்ப் பகுதி நல்லதா என்பதையும் பாருங்கள். சீட்டின் பின்பக்கத்தை அழுத்திக் கையை எடுங்கள். ஒரு முறை எழுந்து அடங்க வேண்டும். தொட்டில்போல ஆடினாலோ, தண்டில் எண்ணெய்க் கசிவும் தூசியும் சேர்ந்து கறுத்த பசை தெரிந்தாலோ அது முடிந்துவிட்டது. அப்படியானால் சோடியாகவே மாற்றுங்கள். காஸ் அடைத்த ஷொக்கை யாரும் துளைக்கவோ பிரிக்கவோ விடாதீர்கள். உள்ளே அமுக்கம் இருக்கிறது.

நீங்கள் வரும் வழிக்காக ஒன்று சொல்ல வேண்டும். பண்ணையில் இருபுறமும் கடல்நீர். காற்று அடித்தால் உப்பு ஸ்பிரிங்கில்தான் ஒட்டும். தீவுப்பகுதியிலிருந்து வரும் வண்டிகளில் படி வளையம் செங்கல் தூள்போலத் துருப்பிடித்து இறுகியிருப்பதைப் பல தடவை கண்டிருக்கிறேன். பலவந்தமாகத் திருகினால் வளையத்தின் பல் உடையும். துரு எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். வாரம் ஒரு தடவை நன்னீரால் கழுவிவிட்டால் இந்தப் பாடே வராது.

படியை மாற்றிய பிறகு, நீங்கள் அமர்ந்திருக்கும்போது செயினின் தொய்வைப் பார்க்கச் சொல்லுங்கள். மனைவியோடு இரவில் திரும்பும் நாளில் முகப்பு விளக்கையும் சற்றுக் கீழே இறக்குங்கள். பின்பக்கம் தாழ்ந்தால் அந்த வெளிச்சம் பாலத்தில் எதிரே வருபவரின் கண்ணில்தான் விழும்.