கீழே மிச்சமிருக்கும் ஆறு பல்லையும் பிடுங்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 66 வயது, சர்க்கரை உண்டு. கொருக்குப்பேட்டையில் இருக்கிறோம். 9 வருடத்துக்கு முன் மேல்வரிசைக்கு முழு பல்செட்டு கட்டினோம். கீழே முன்பற்கள் ஆறு மட்டும் சொந்தப் பல். இப்போது மேல் செட்டு பேசும்போதே கழன்று விழுகிறது. நடுவில் விரிசல் விட்டு, நாங்களே பசை போட்டு ஒட்டியிருக்கிறோம். அம்மா கீழ் ஆறையும் எடுத்துவிட்டு இரண்டு வரிசைக்கும் செட்டு கட்டச் சொல்கிறார். 86 வயது ஆயா, "எல்லாத்தையும் புடுங்கிட்டு வெறும் வாயா இரு, நிம்மதி" என்கிறார். என் மகள் தாடை எலும்பில் திருகு பதிக்கும் இம்ப்ளான்ட் தவிர வேறு பேச்சே பேசுவதில்லை. யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: மூவரில் யார் சொல்வதையும் இப்போதைக்குக் கேட்க வேண்டாம். முதலில் அம்மாவின் வாயை டார்ச் அடித்துப் பாருங்கள். செட்டைக் கழற்றிவிட்டு, மேல் ஈறின் முன்பகுதியை, அதாவது மூக்குக்கு நேர் கீழே இருக்கும் மேட்டை, விரல் நுனியால் லேசாக அசைத்துப் பாருங்கள். கெட்டியாக இல்லாமல் ஜவ்வு மாதிரி ஆடினால், செட்டு கழல்வதற்கான காரணம் கிட்டத்தட்ட தெரிந்துவிட்டது.

மேலே முழு செட்டு, கீழே முன்பல் மட்டும் என்று இருந்தால் மெல்லும் பாரம் முழுவதும் முன்னால்தான் விழும். கீழ்ப்பற்கள் செட்டின் முன்பக்கத்தை ஒவ்வொரு கடிக்கும் மேலே தள்ளும். பின்பக்கம் அண்ணத்தை விட்டுக் கீழே இறங்கும். செட்டைப் பிடித்து வைப்பது, தகட்டுக்கும் அண்ணத்துக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய எச்சில் படலமும் ஓரத்தில் காற்று புகாத அடைப்பும்தான். பின் ஓரத்தில் காற்று புகுந்ததும் பிடிமானம் போய்விடும். வருடக்கணக்கில் இப்படி இடிபட்டு முன் எலும்பு கரைந்து, அந்த இடத்தில் வெறும் சதை மட்டும் நிற்கும். தகட்டின் நடுவில் விட்ட விரிசலும் பெரும்பாலும் இதே ஆட்டத்தின் விளைவு.

அது சரி, ஏன் முன்பல் ஆறு மட்டும் தங்கியது? கடைவாய்ப்பல் வலித்தால் மாத்திரை, பொறுக்கமுடியாமல் போனால் பிடுங்கல், "பின்னாடி பல்லு போனா யாருக்குத் தெரியப் போவுது?" என்று அந்த இடத்தை அப்படியே விட்டுவிடுவது. அம்மாவின் வயதுக்காரர்கள் பலர் வாழ்ந்த விதம் இது. வெளியே தெரியும் பல்லைக் காப்பாற்றினார்கள், வேலை செய்யும் பல்லை விட்டுவிட்டார்கள். ஆயாவின் காலம் வேறு. விரலில் பல்பொடி, அது இல்லாத நாளில் சாம்பல், செங்கல்தூள். சொத்தைக்குக் கிராம்பு, அதற்கும் அடங்காவிட்டால் ஒரு சிட்டிகை புகையிலை. பட்டம் இல்லாமல் அனுபவத்தில் பல் கட்டியவர்களையும் 1948-ஆம் ஆண்டுப் பல் மருத்துவர் சட்டம் தனிப் பட்டியலில் பதிவு செய்துகொண்ட காலம் அது. பல்பொடியில் புகையிலை கலக்கக்கூடாது என்ற தடையே 1992-இல்தான் வந்தது. வெறும் வாய்தான் நிம்மதி என்று அவர் சொன்னால், அவர் பார்த்த வைத்தியத்தை வைத்துச் சொல்கிறார். அதில் நியாயம் உண்டு. ஆனால் மேல்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போகும் என்று அவர் சொன்னால் அதைக் காதில் வாங்க வேண்டாம். பல்லின் நரம்பும் பார்வை நரம்பும் வேறு வேறு.

இனி அந்த ஆறு பற்கள். பல் போன இடத்தில் தாடை எலும்பு கரையும். முதல் ஆறு மாதம், ஒரு வருடத்தில் வேகமாகவும், பிறகு மெதுவாக ஆயுள் முழுவதும். கீழ்த்தாடை மேல்தாடையைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு கரையும். கீழ் செட்டு உட்காரும் பரப்பும் மேலே உள்ளதில் பாதிதான். போதாததற்கு நாக்கு வேறு ஓயாமல் அதைத் தள்ளும். மேல் செட்டைப் பழகியவர்கள்கூடக் கீழ் முழு செட்டை டப்பாவில் போட்டுவிட்டு, கல்யாணம் கார்த்திக்கு மட்டும் மாட்டிக்கொள்வது இதனால்தான். மிச்சமிருக்கும் ஆறு பல் அந்த எலும்பைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. அதைத் தூக்கி எறிய அவசரம் என்ன?

எக்ஸ்ரேயில் வேர் உறுதியாக இருந்தால் ஆறையும் வைத்துக்கொள்ளலாம். முதலில் பல்லில் கெட்டியாகப் படிந்த காரையை எடுக்க வேண்டும். கிளீன் பண்ணினால் பல் ஆடும் என்று அம்மா தயங்குவார். ஏற்கனவே ஆடும் பல்லைக் காரை முட்டுக் கொடுத்து வைத்திருந்தது, அவ்வளவுதான். நடுவில் உள்ள நாலும் தேறாவிட்டாலும் இரண்டு ஓரத்திலும் உள்ள கோரைப்பற்களையாவது காப்பாற்றப் பாருங்கள். வேர் சிகிச்சை செய்து, ஈறுக்கு மேல் 2, 3 மி.மீ. உயரத்தில் மழுக்கி, அதன்மேல் செட்டை உட்கார வைக்கலாம். இதைச் செய்ய முடியுமா என்று நீங்களாகக் கேளுங்கள். பிடுங்குவது சுலபம் என்பதால் எல்லா இடத்திலும் இந்தப் பேச்சு வராது.

அடுத்து, கீழே பின்பக்கம் பல் வேண்டும். கழற்றி மாட்டும் பாதி செட்டு போதும். கோபால்ட் குரோமியம் உலோகத்தில் வார்த்தது மெலிதாக இருக்கும், பல்லின்மேல் சாய்ந்து நிற்கும். வெறும் அக்ரிலிக் பிளாஸ்டிக் தகடு ஈறில் அழுந்தி மெல்ல மெல்லப் புதையும். கீழ் பாதி செட்டும் புது மேல் செட்டும் ஒன்றாகவே செய்யப்பட வேண்டும். மேலே மட்டும் புதிதாகக் கட்டினால் அதே கதை மறுபடி ஓடும். வாய் மூடிக் கடிக்கும்போது முன்பற்கள் இடிக்காமல் கடைவாய்ப்பல் மட்டும் சேரும்படி அமைக்கச் சொல்லுங்கள்.

அளவெடுப்பதற்கு முன் இரண்டு மூன்று நாள் பழைய செட்டைப் போடவே கூடாது. அழுந்திக் கிடக்கும் ஈறு தன் வடிவத்துக்குத் திரும்ப அவ்வளவு நேரம் பிடிக்கும். தகட்டின் அச்சு போல அண்ணம் சிவந்திருந்தால் அது பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று. இரவிலும் கழற்றாமல் தூங்குபவர்களுக்கும் சர்க்கரைக்காரர்களுக்கும் சகஜமாக வருவது. அதை ஆற்றிய பிறகே அளவு. ஆடும் சதைக்குச் சாதாரணமாக அளவெடுத்தால் அச்செடுக்கும் மாவு அதை நசுக்கிவிடும், நசுங்கிய வடிவத்துக்கே செட்டு வரும். அந்த இடத்தில் மட்டும் மாவு வைக்கும் டிரேயைத் திறந்து விட்டு, இளகலான மாவை அழுத்தாமல் பூசி எடுக்கும் முறை இருக்கிறது. முதல் அளவு, இரண்டாம் அளவு, மெழுகில் கடி உயரம், மெழுகில் பல் வைத்துப் பார்ப்பது, கையில் கொடுப்பது என்று ஐந்து முறையாவது போக வேண்டும். ஒரே நாளில் செட்டு என்ற பலகையைப் பார்த்தால் தாண்டிப் போய்விடுங்கள். பக்கத்துப் பல்லோடு கம்பியும் பிளாஸ்டிக்கும் வைத்து நிரந்தரமாக ஒட்டிவிடுபவர்களிடமும், உறிஞ்சிப் பிடிக்கும் என்று மேல் தகட்டில் ரப்பர் சக்கரம் பதித்துத் தருபவர்களிடமும் போகவே வேண்டாம். அந்த ரப்பர் அண்ணத்தை அரித்து மூக்கு வரை ஓட்டை போட்ட கதை பல் மருத்துவ ஏடுகளில் இருக்கிறது.

உங்களுக்குப் பக்கம் ஸ்டான்லி மருத்துவமனை. அங்கே பல் பிரிவு உண்டு. கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி. கல்லூரியில் மாணவர்கள் பேராசிரியர் பார்வையில் செய்வதால் எந்தப் படியையும் தாண்டமாட்டார்கள். அலைச்சல் மட்டும் கொஞ்சம் கூடும்.

மகள் சொல்லும் இம்ப்ளான்ட் தப்பான யோசனை இல்லை. பின்னால் எப்போதாவது கீழ்ப்பற்கள் போனால், இரண்டு இம்ப்ளான்ட் வைத்து அதன்மேல் செட்டைப் பொத்தான் போல மாட்டுவது நல்ல வழி. மேல்தாடைக்குக் குறைந்தது நாலு இம்ப்ளான்ட் வேண்டும். மூன்று மாத சர்க்கரை அளவான ஹெச்.பி.ஏ.1.சி கட்டுக்குள் இல்லாமலும், வெற்றிலையோடு போடும் புகையிலையையோ, புகையிலை கலந்த பாக்கான மாவாவையோ நிறுத்தாமலும் அதில் இறங்கக் கூடாது. திருகு எலும்போடு சேரக் கீழே மூன்று மாதம், மேலே ஆறு மாதம் வரை ஆகும். அதுவரையும் அம்மா சாப்பிட்டாக வேண்டுமே.

ஒட்டிய செட்டைப் பற்றி ஒரு வார்த்தை. உடனே ஒட்டும் பசை துண்டுகளை அரை மி.மீ. தள்ளி ஒட்டினாலும் போதும், தகடு அண்ணத்தில் பொருந்தாது. பிறகு பழுது பார்ப்பவராலும் துண்டுகளைச் சரியாகச் சேர்க்க முடியாது. இனி உடைந்தால் ஒரு துணுக்குகூட விடாமல் டப்பாவில் போட்டு எடுத்துப் போங்கள்.

புது செட்டு வந்தபின் முதல் வாரம் எங்காவது உரசிப் புண்ணாகும். வீட்டில் அரம் வைத்துத் தேய்க்காதீர்கள். மருத்துவரைப் பார்க்கும் நாளில் இரண்டு மணி நேரமாவது மாட்டியிருந்தால்தான் உரசும் இடம் தெரியும். இரண்டு வாரம் ஆகியும் ஆறாத புண் எதுவாக இருந்தாலும், வலி இல்லாவிட்டாலும், உடனே காட்டுங்கள். புகையிலைப் பழக்கம் உள்ளவர் என்றால் ஒரு நாளும் தள்ளாதீர்கள்.

சாப்பாட்டில் முதலில் இட்லி, குழைந்த சாதம். பிறகு சின்னத் துண்டாக்கி, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் மெல்லப் பழக வேண்டும். முன்பல்லால் கடித்து இழுத்தால் பின்பக்கம் தூக்கும். மீனில் கவனம் தேவை. அண்ணத்தைத் தகடு மூடியிருப்பதால் முள் குத்துவது தெரியாது, தொண்டைக்குப் போன பிறகுதான் தெரியும். ஓரிரு மாதத்துக்கு மத்தி, நெத்திலி வேண்டாம். வஞ்சிரம், சுறாப்புட்டு போதும். டீயின் சூடும் அண்ணத்தில் உறைக்காது, ஆற்றிக் குடிக்கட்டும். பர்மா நூடுல்ஸான அத்தோவின் மேல் நொறுக்கிப் போடும் மொறுமொறு பேஜோவெல்லாம் கடைசியில்.

கழுவும்போது வாஷ்பேசினில் பாதி தண்ணீர் நிரப்பி அதன்மேல் பிடித்துக் கழுவுங்கள். கை நழுவினாலும் உடையாது. மென்மையான பிரஷ், ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட் போதும். பல்பொடியும் பேஸ்டும் அக்ரிலிக்கைக் கீறும். கீறலில்தான் பூஞ்சை குடியேறும். வெந்நீர் தகட்டைக் கோணலாக்கும். இரவில் கழற்றிப் பச்சைத் தண்ணீரில் போடுங்கள், மூடி போட்ட டப்பாவில். டம்ளரில் வேண்டாம், விடியற்காலையில் யாராவது அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுவார்கள், பல்லோடு சேர்த்து.