மயில்துத்தம் வெளுப்பதும் கறுப்பதும்: கேள்வி பதில்

கல்முனை மாணவி: மிஸ், மயில்துத்தம் எனும் செப்பு சல்பேற்றுப் பளிங்கைச் சூடாக்கினால் வெள்ளையாகும் என்றார்கள். எங்களுக்குக் கறுத்துப்போகிறது.

பதில்: சூடு கூடிவிட்டது. பளிங்கில் பிணைந்துள்ள ஐந்து நீர் மூலக்கூறுகளில் இரண்டு 63 பாகை செல்சியசு அளவில் போகும். அடுத்த இரண்டு 109 அளவில். கடைசி ஒன்று 200ஐ அண்டித்தான் விடும். 600ஐத் தாண்டினால் உப்பே பிரிந்து கறுப்புச் செப்பொட்சைட்டாகும்; வரும் புகை சுவாசிக்கக் கூடாதது. 2.5 கிராம் பளிங்கைப் பொடித்து, பீங்கான் கிண்ணத்தில் சிறு சுவாலையில் கிளறுங்கள். நீலம் மறைந்ததும் நிறுத்தி, உலர்த்தியில் (ஈரம் புகாத மூடிய பாத்திரத்தில்) ஆறவிட்டு நிறுங்கள்: 1.6 கிராம் நிற்க வேண்டும். கோலில் ஒட்டிய தூளையும் தட்டிச் சேருங்கள். மார்கழி மழையில் வாவிக்கரைக் காற்றுப் பட்டாலே தூளில் நீலம் ஏறத் தொடங்கும்.

சோதனைக்குழாயில் செய்தால் வாயைச் சற்றுக் கீழே சாய்த்துப் பிடியுங்கள். ஒடுங்கிய நீர் சூடான அடிக்கு ஓடினால் கண்ணாடி வெடிக்கும்.

காரைதீவு: வயலுக்கு மயில்துத்தம் எவ்வளவு கலக்கலாம்?

பதில்: விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள்.

செங்கலடி ஆசிரியர்: நீர் விட்டால் நீலம் திரும்புகிறதே மிஸ். மீளும் மாற்றம், ஆகவே பௌதிக மாற்றம்தானே?

பதில்: இல்லை சேர். மீள்வது அளவுகோல் அல்ல. பளிங்கில் செப்பு அயனைச் சூழ நான்கு நீர் மூலக்கூறுகளும் இரண்டு சல்பேற்று ஒட்சிசன்களும் நிற்கின்றன. நீர் போனால் அந்த இடங்களையும் சல்பேற்று பிடிக்கிறது. பிணைப்பே மாறுகிறது.

செங்கலடி ஆசிரியர்: நிறம் நீரால்தானே வந்தது?

பதில்: நாகசல்பேற்றிலும் (துத்தநாக உப்பு) ஏழு நீர் உண்டு, நிறம் இல்லையே! நிறம் செப்பு அயனுடையது. சூழ நிற்பது எது என்பதே எந்த ஒளி உறிஞ்சப்படும் என்பதைத் தீர்மானிக்கிறது. நீரற்ற உப்பில் உறிஞ்சல் கண்ணுக்குத் தெரியாத செந்நிறக்கீழ்ப் பக்கம் நகர்வதால் கண்ணுக்கு வெள்ளை. வெண்தூளில் சில துளி நீர் விட்டுக் குழாயைத் தொட்டுப் பாருங்கள், நன்றாகச் சுடும்: மோலுக்கு ஏறத்தாழ 78 கிலோயூல். பிள்ளைகளுக்கு இரசாயன மாற்றம் என்றே சொல்லுங்கள், சேர்.

அக்கரைப்பற்று: எங்களுக்கும் கறுப்பாகிறது.

பதில்: கல்முனை மாணவிக்குச் சொன்னதுதான்.

வாழைச்சேனை: பெரசு (இரும்பு) சல்பேற்றும் இப்படியா?

பதில்: பச்சை முதலில் வெளுக்கும். மேலும் சூடாக்கினால் செங்கபில இரும்பொட்சைட்டும் நச்சு வாயுக்களும். பிறகு நீர் விட்டாலும் பச்சை வராது.

சம்மாந்துறை: சலவைச் சோடா?

பதில்: தன் நீரிலேயே உருகி வெண்தூளாகும். நிற மாற்றம் தேடாதீர்கள்.

ஏறாவூர்: கோபாற்று குளோரைட்டு?

பதில்: இளஞ்சிவப்பு நீலமாகும். புற்றுநோய் ஆபத்துள்ளது, தூளைச் சூடாக்காமல், அதில் தோய்த்துத் தயாரித்த தாளைக் கையுறையோடு உலர்த்திக் காட்டுங்கள்.

ஓட்டமாவடி: குழாய் வெடித்துவிட்டது, ஏன்?

பதில்: வாயைக் கீழே சாயுங்கள் என்று மேலே எழுதியிருக்கிறேன். கண்ணாடித் துண்டுகளைக் கையால் பொறுக்காதீர்கள்.