நாலு மாசக் குழந்தை, கை நிறைய முடி: எண்ணெயை மாற்ற வேண்டாம்

சகோதரி, குழந்தைக்கு நாலு மாசம், தலை குளிச்சா எனக்குக் கை நிறைய முடி வருது, எண்ணெயை மாத்தலாமான்னு கேட்டிருக்கீங்க. எண்ணெய்க்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜன்ங்கிற ஹார்மோன் கூடுதலா இருந்ததால உதிராம நின்ன முடிதான் இப்போ மொத்தமா உதிருது. மூணு, நாலு மாசத்தில் உச்சத்துக்குப் போகும். குழந்தைக்கு ஒரு வயசு ஆகுறதுக்குள்ள பெரும்பாலும் அடங்கிடும். நெத்தியோரம் குட்டி முடி முளைச்சா நல்ல அறிகுறி.

பிரசவத்தில் ரத்தம் அதிகம் போயிருந்தா ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் இரும்பு இருப்பு), டி.எஸ்.எச். (தைராய்டு) மூணு ரத்தப் பரிசோதனையும் பாருங்க. முடிக்காக பயோட்டின்ங்கிற வைட்டமின் மாத்திரை சாப்பிட்டா தைராய்டு அளவைத் தப்பாக் காட்டலாம், பரிசோதனைக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடியே நிறுத்திடுங்க. சுகாதார நிலையத்தில் தர்ற 60 மி.கி. இரும்பு மாத்திரையை 180 நாளும் விடாம போடுங்க. டீ, பால், கால்சியம் மாத்திரையோட சேர்த்துப் போட்டா இரும்பு உடம்பில் சரியாச் சேராது; ரெண்டு மணி நேரம் இடைவெளி விடுங்க.

பால் கொடுக்கும்போது மினாக்ஸிடில்ங்கிற முடி வளர்ச்சி மருந்து வேண்டாம். இறுக்கிக் கொண்டை போடாதீங்க. வட்டமா சொட்டை விழுந்தா தோல் மருத்துவரைப் பாருங்க.

உதிர்ந்த முடி குழந்தையோட விரலைச் சுத்தி இறுக்கி ரத்த ஓட்டத்தையே தடுக்கலாம். காரணம் தெரியாம அழுதா சாக்ஸைக் கழட்டி ஒவ்வொரு விரலா பாருங்க. வீங்கிச் சிவந்திருந்தா உடனே மருத்துவமனைக்குப் போங்க.