நாலும் ஐந்தும் ஒன்பது இல்லை

அன்புள்ள ஐயா,
மதுரை மாவட்ட நீதிமன்றத்தில் நான்கு வருடமாக பிராக்டிஸ் செய்கிறேன். அரசு வங்கி ஒன்றில் சட்ட அதிகாரி வேலை கிடைத்திருக்கிறது. ஐந்து வருடம் அங்கே இருந்துவிட்டு நேரடி மாவட்ட நீதிபதித் தேர்வு, ஓய்வுக்குப் பின் மறுபடி வக்கீல் தொழில் என்பது என் கணக்கு. வீட்டில் கடன் இருக்கிறது. ஆங்கிலமும் சுமார்தான். சரியா?
— எம்.

அன்புள்ள எம்.,
ஆங்கிலத்தை விடுங்கள், தினம் இரண்டு தீர்ப்பு படித்தால் வந்துவிடும். கடனுக்காக வேலைக்குப் போவதில் வெட்கமும் இல்லை. ஆனால் நாலும் ஐந்தும் ஒன்பது என்று உங்களுக்கு யார் சொன்னது? சட்டம் படித்தவர் சட்டப்பிரிவைப் படிக்காமல் வாழ்க்கையைத் திட்டமிடலாமா?

நேரடியாக மாவட்ட நீதிபதி ஆக அரசியலமைப்பின் உறுப்பு 233(2) கேட்பது ஏழு வருடம் வக்கீலாக 'இருந்தவரை' அல்ல, 'இருந்துவருபவரை'. 2013இல் தீபக் அகர்வால் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த வினைச்சொல்லைத்தான் பிடித்துக்கொண்டது. விண்ணப்பிக்கும் நாளிலும் நீங்கள் வக்கீலாக இருக்க வேண்டும். அதற்கு முந்தைய ஏழு வருடமும் அறுபடாமல் இருக்க வேண்டும். வக்கீல் தொழிலை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலின் விதி 49படி, முழுநேரச் சம்பள வேலையில் சேர்ந்தால் தகவல் கொடுத்துவிட்டு பிராக்டிஸை நிறுத்தியாக வேண்டும். வங்கியில் அடமானப் பத்திரம் பார்ப்பீர்கள், வங்கி தன் வழக்குகளுக்கு அமர்த்தும் பேனல் வக்கீலுக்குக் கட்டு அனுப்புவீர்கள். கோர்ட்டில் எழுந்து நின்று பேசப்போவது அந்தப் பேனல் வக்கீல்தான். உங்கள் நாலும் அதோடு போச்சு. அதே தீர்ப்பில் சம்பளம் வாங்கும் அரசு வழக்கறிஞர்கள் தப்பித்தார்கள், அவர்கள் கோர்ட்டில் வாதாடிக்கொண்டே இருந்ததால்.

உங்களுக்கு வேறு கதவு திறந்திருக்கிறது. உச்ச நீதிமன்றத்தின் 2025 மே 20 தீர்ப்புப்படி, நீதித்துறையின் முதல் படியான சிவில் நீதிபதித் தேர்வுக்கு மூன்று வருட பிராக்டிஸ் போதும். அதே ஆண்டு அக்டோபர் 9இல் வந்த அரசியல் சாசன அமர்வின் தீர்ப்போ, நீதித்துறைப் பணியில் இருப்பவரின் வக்கீல் வருடங்களையும் பணி வருடங்களையும் கூட்டி ஏழாக்கிக்கொள்ள விடுகிறது; வயது 35 ஆக வேண்டும். நீங்கள் போட்ட கூட்டல் இங்கேதான் செல்லும்.

ஓய்வுக்குப் பிறகா? முதலில் நீதிபதி ஆகுங்கள். பாஷ்யம் அய்யங்கார் 1904இல் நீதிபதிப் பதவியை விட்டுவிட்டு அதே சென்னை உயர் நீதிமன்றத்தில் வாதாடப் போனார். நீங்கள் அதுவரை உயர்ந்தால், இன்று உயர் நீதிமன்றத்தில் நிரந்தர நீதிபதியாக இருந்தவருக்கு அரசியலமைப்பின் உறுப்பு 220 குறுக்கே நிற்கும். உச்ச நீதிமன்றம், பிற உயர் நீதிமன்றங்கள் தவிர வேறெங்கும் வாதாட முடியாது. மதுரைக் கிளையும் சென்னையும் ஒரே கோர்ட், ஞாபகமிருக்கட்டும்.

சிவில் நீதிபதித் தேர்வு கேட்கும் அந்த மூன்று வருடத்துக்கான சான்றை உங்கள் நீதிமன்றத்தின் முதன்மை நீதித்துறை அதிகாரி தர வேண்டும். அல்லது பத்து வருட வக்கீல் ஒருவர் தந்து, அந்த அதிகாரி மேலொப்பமிட வேண்டும். ஜூனியர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்: வக்காலத்தில் சீனியர் பெயர் மட்டும் இருக்கும், வாய்தா வாங்க ஓடியது இவராக இருக்கும். உங்கள் பெயர் உள்ள வக்காலத்துகள் எத்தனை என்று இந்த வாரமே எண்ணிப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.