கழுத்து ஆபரேஷன் நடுவே வாங்கிய கையெழுத்து செல்லுமா?

கேள்வி: என் கணவர் தையல்காரர், வயது 49. கழுத்து எலும்புத் தேய்மானத்தால் வலது கை மரத்துப்போய், கத்தரிக்கோல்கூடப் பிடிக்க முடியவில்லை. தனியார் மருத்துவமனையில் கழுத்தின் ஐந்தாவது, ஆறாவது எலும்புகளுக்கு நடுவே உள்ள சி5-சி6 டிஸ்க்கை எடுத்துவிட்டு எலும்பை இணைப்பதாகச் சொன்னார்கள், கையெழுத்துப் போட்டார். ஆபரேஷன் நடக்கும்போதே வெளியே வந்து, "கீழே உள்ள டிஸ்க்கும் மோசம், சேர்த்தே செய்துவிடுகிறோம்" என்று என்னிடம் இன்னொரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். பில் ஒன்றரை லட்சம் கூடிவிட்டது. ஐந்து மாதமாக அவருக்குக் குரல் கம்மியே இருக்கிறது. கேட்டால், "நீங்கள்தானே கையெழுத்துப் போட்டீர்கள்" என்கிறார்கள். வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம் அம்மா. ஆனால் குரலை முன்னால் வைத்தால் வழக்கு தளர்ந்துவிடும். அந்த இரண்டாவது டிஸ்க்கை முன்னால் வையுங்கள்.

இந்த ஆபரேஷனைக் கழுத்தின் முன்பக்கமாக, மூச்சுக்குழாயையும் உணவுக்குழாயையும் ஒதுக்கிப் பிடித்துத்தான் செய்கிறார்கள். அப்போது குரல்நாணுக்குப் போகும் நரம்பு இழுபடலாம். பெரும்பாலோருக்குச் சில வாரத்திலோ மாதத்திலோ சரியாகிவிடும். கவனமாகச் செய்தாலும் வரக்கூடியது என்பதால், இதை மட்டும் காட்டிக் கவனக்குறைவை நிரூபிப்பது கஷ்டம். விபரீதம் நேர்ந்ததாலேயே டாக்டர் தவறு செய்தார் என்று ஆகிவிடாது என்பதை உச்ச நீதிமன்றம் 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனால் இந்த ஆபத்தை முன்கூட்டிச் சொன்னார்களா? அவர் கையெழுத்திட்ட படிவத்தில் இருக்கிறதா பாருங்கள். வழக்கு ஒரு பக்கம் இருக்கட்டும், முதலில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் குரல்நாணைப் பரிசோதித்து எழுத்தில் வாங்குங்கள். ஐந்து மாதமாகியும் காட்டாமல் இருக்கக் கூடாது.

அடுத்தது கையெழுத்து. 2008-இல் தீர்ப்பான சமீரா கோலி வழக்கு உங்களுடையதை ஒட்டியே இருக்கிறது. பரிசோதனைக்கு மட்டும் சம்மதித்த பெண் மயக்கத்தில் இருக்கும்போது, அவர் தாயிடம் சம்மதம் வாங்கிக் கருப்பையை எடுத்துவிட்டார்கள். அது செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். சொந்தமாக முடிவெடுக்கக்கூடிய பெரியவருக்காக வேறொருவர் சம்மதம் தர முடியாது. உயிரையோ உடல்நலத்தையோ காக்க, தள்ளிப்போடவே முடியாது என்றால் மட்டுமே விலக்கு. உங்கள் கணவர் மயக்கம் தெளிந்ததும் அவரிடமே கேட்டிருக்கலாமா, இதுதான் உங்கள் வழக்கு.

மருத்துவமனை "அவசியம் இருந்தது" என்றுதான் சொல்லும். அங்கே எம்ஆர்ஐ அறிக்கை பேசும். கீழே உள்ள அந்த சி6-சி7 டிஸ்க்கின் பாதிப்பு அதில் முன்பே இருந்தால், ஆபரேஷனுக்கு முன்னால் ஏன் பேசவில்லை? இல்லையென்றால், நடுவில் எதை வைத்து முடிவெடுத்தார்கள்? இந்த இரண்டு கேள்விக்கும் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

ஆகவே முதல் வேலை ஆவணம். கணவர் கையெழுத்தோடு முழு ரெக்கார்டையும் கேட்டு, பெற்றதற்கான ஒப்புகை கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். 2002-ஆம் ஆண்டு மருத்துவ ஒழுங்குமுறைகளின்படி 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். ஆபரேஷன் குறிப்பில், எடுத்த டிஸ்க்குக்குப் பதிலாக உள்ளே வைத்த கூண்டு (கேஜ்), எலும்பைப் பிடித்து நிறுத்தும் பிளேட் இவற்றின் ஸ்டிக்கர்களை ஒட்டியிருப்பார்கள். அவற்றைப் பில்லோடும் பிந்தைய எக்ஸ்ரேயோடும் ஒத்துப் பாருங்கள். நீங்கள் போட்ட கையெழுத்தின் பக்கத்தில் நேரம் எழுதியிருக்கிறதா என்பதும் முக்கியம்.

போலீஸுக்குப் போகாதீர்கள், குற்ற வழக்குக்கு மிக மோசமான கவனக்குறைவு வேண்டும், இது அந்த ரகமில்லை. உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையமே சரியான இடம். மனுதாரர் கணவராக இருக்கட்டும். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் கிடையாது. கெடு இரண்டு வருடம். ஆபரேஷன் தேதியிலிருந்து எண்ணிக்கொள்வதே பாதுகாப்பு.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன்: சமீரா கோலிக்குக் கிடைத்த இழப்பீடு 25,000 ரூபாய்தான், டாக்டரின் கட்டணமும் மறுக்கப்பட்டது. கூடுதல் பில் தொகையைத் திரும்பக் கேட்பதையே முதல் கோரிக்கையாக வையுங்கள். அவர் தைக்க முடியாமல் இழந்த வருமானத்துக்குக் கடைக் கணக்கு நோட்டு இருந்தால் எடுத்து வையுங்கள். அதற்குள் மருத்துவமனை சமாதானத்துக்குக் கூப்பிட்டால் போய்ப் பேசுங்கள், தப்பில்லை. ரெக்கார்டு கைக்கு வரும்வரை "இனி புகார் இல்லை" என்று மட்டும் எழுதிக் கொடுக்காதீர்கள்.