தங்கப் பதக்கம் உறுதி என்று முன்பணம் கேட்கிறார்கள், கட்டலாமா?

கேள்வி: என் மகள் பினாங்கில் இரசாயனப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். கோலாலம்பூரில் நடக்கும் அனைத்துலகப் புத்தாக்கப் போட்டி ஒன்றில் தங்கம், குறைந்தது வெள்ளி உறுதி என்று ஒரு முகவர் வாட்ஸ்அப்பில் சொல்கிறார். மொத்தம் 1,850 ரிங்கிட். முன்பணம் 300 கட்டிவிட்டோம். விருது இல்லாவிட்டால் வேலையும் கிடைக்காது, உபகாரச் சம்பளமும் கிடைக்காது என்கிறார். மகளோ நண்பர்களுடன் ‘கெம்-இ-கார்’ என்னும், வேதிவினையால் ஓடும் சிறு வண்டிகளின் போட்டிக்குப் போக வேண்டும் என்கிறாள். எதற்குச் செலவு செய்வது? – பட்டர்வொர்த் வாசகர்

பதில்: ஐயா, மீதிப் பணத்தைக் கட்டாதீர்கள். மகளைக் கார் போட்டிக்கு அனுப்புங்கள். முன்பணத்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

நடுவர் படைப்பைப் பார்ப்பதற்கு முன்பே தங்கம் உறுதி என்று ஒருவரால் சொல்ல முடிகிறதென்றால், அங்கே நடப்பது விற்பனை. இப்படிப்பட்ட ஏற்பாடுகள் எப்படி நடக்கின்றன என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒரு சுவரொட்டிப் படம், ஐந்து நிமிடக் காணொளி, ஒரு படிவம், கட்டணம். அவ்வளவுதான். பங்கெடுத்தவர்களில் பெரும்பாலோருக்கு ஏதாவது ஒரு நிறத்தில் பதக்கம் வந்து சேரும். பதக்கம் தட்டில் வேண்டுமா, சான்றிதழ் சட்டத்தில் வேண்டுமா என்று அதற்கும் தனிக் கட்டணம் கேட்பார்கள். இடையில் நிற்கும் முகவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று தரகு.

‘எங்கள் நிறுவனம் எஸ்.எஸ்.எம்.மில் பதிவு பெற்றது’ என்று அவர் சான்று அனுப்பியிருப்பார். அதைப் பார்த்து மயங்க வேண்டாம். எஸ்.எஸ்.எம். என்பது நிறுவனங்களைப் பதிவு செய்யும் ஆணையம். அந்தப் பதிவு ஒரு வணிகம் இருக்கிறது என்பதற்கு மட்டுமே சாட்சி. அது நடத்தும் போட்டிக்குக் கல்வி உலகில் மதிப்பு உண்டா என்பதற்கு அல்ல. பணம் எந்தக் கணக்குக்குப் போனது என்று பாருங்கள். நிறுவனத்தின் பெயருக்குப் பதில் தனிநபர் பெயர் இருந்தால், அந்த எண்ணைக் காவல்துறையின் ‘செமாக் மியூல்’ தளத்தில் இட்டுப் பாருங்கள்; புகாருக்குள்ளான கணக்கா என்று காட்டும். அங்கே ஒன்றும் இல்லை என்று வந்தாலும் அது நற்சான்று ஆகிவிடாது. இதுவரை யாரும் புகார் கொடுக்கவில்லை என்பதே அதன் பொருள்.

முகவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்குச் சந்தையை உண்டாக்கிக் கொடுத்தது நம் உயர்கல்வி முறை. விடுதியில் இடம் பிடிக்கப் புறப்பாடப் புள்ளிகள் வேண்டும். புள்ளிக்குச் சான்றிதழ் வேண்டும். விரிவுரையாளரின் ஆண்டு மதிப்பீட்டிலும் ‘அனைத்துலக விருதுகள்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. பதக்கத்தின் எண்ணிக்கையைக் கேட்கிறார்கள். எதற்காகக் கிடைத்தது என்று கேட்பதில்லை. எண்ணிக்கை கேட்டால் எண்ணிக்கைதான் வரும். அதற்கான செலவு பிடிபிடிஎன் என்னும் அரசுக் கல்விக் கடனில் படிக்கும் பிள்ளையின் தலையில் விழுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. பேராசிரியரின் பெயரும் விருதில் இடம்பெறும் என்றால், கட்டணம் அவருடைய ஆய்வு நிதியிலிருந்து வரட்டும். உங்கள் மகள் இதைத் தயங்காமல் கேட்கலாம்.

‘விருது இல்லாவிட்டால் வேலை இல்லை’ என்பது வெறும் மிரட்டல். பட்டதாரிப் பொறியாளராக மலேசியப் பொறியாளர் வாரியத்தில் பதிவு செய்ய அங்கீகாரம் பெற்ற பட்டம் வேண்டும், பதக்கம் வேண்டாம். பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையில் மலேசியா 2009லேயே முழு உறுப்பினராகிவிட்டதால், அந்தப் பட்டத்துக்கு வெளிநாட்டிலும் மதிப்பு உண்டு. மகளின் படிப்புக்கு அந்த அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்ப்பது 1,850 ரிங்கிட் பதக்கத்தைவிட முக்கியம். அதற்குக் காசும் செலவில்லை.

இனி கார் போட்டி. அமெரிக்க இரசாயனப் பொறியாளர் கழகம் 1999இல் தொடங்கிய போட்டி இது. நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் நடக்கிறது. காலணிப் பெட்டிக்குள் அடங்கும் வண்டி. ஓடுவதும் வேதிவினையால், நிற்பதும் வேதிவினையால். பிரேக் கூடாது, கடிகாரம் கூடாது. எவ்வளவு தூரம், எவ்வளவு சுமை என்பதைப் போட்டிக்கு ஒரு மணி நேரம் முன்புதான் சொல்வார்கள். அமெரிக்க விதிப்படி தூரம் 15 முதல் 30 மீட்டர். சுமை 500 மில்லிலிட்டர் வரை தண்ணீர். கோட்டுக்கு மிக அருகில் நிற்கும் வண்டிக்கே வெற்றி. வேகத்துக்கு மதிப்பெண் இல்லை.

வண்டி எப்படி நிற்கிறது என்று மகளிடம் கேளுங்கள், மகிழ்ச்சியோடு சொல்வாள். பல அணிகள் அயோடின் வினையைப் பயன்படுத்துகின்றன. ஒரு சிறு கண்ணாடிக் குப்பியின் ஒரு பக்கம் விளக்கு, மறுபக்கம் ஒளி உணரி. உள்ளே நிறமற்ற கரைசல். அதில் அயோடின் உருவாக உருவாக வைட்டமின் சி அதை விழுங்கிக்கொண்டே இருக்கும். வைட்டமின் சி தீர்ந்த நொடியில் அயோடின் மாவுச்சத்தோடு சேர்ந்து கரைசல் கருநீலமாகிவிடும். ஒளி மறையும், மின்சுற்று அறுபடும், வண்டி நிற்கும். குளிரூட்டிய ஆய்வகத்தில் அளந்து வைத்த கணக்கு, புழுக்கமான மண்டபத்தில் தவறிப்போகும். சூட்டில் வினை விரைந்து நடப்பதால் வண்டி கோட்டுக்கு முன்பே நின்றுவிடும். இதை முன்கூட்டியே யோசித்து, வெவ்வேறு வெப்பநிலைகளில் அளந்து, குறிப்பேட்டில் எழுதி வைத்த பிள்ளையைத்தான், வேலைக்கு ஆள் எடுக்கும் நாங்கள் நேர்காணலில் தேடுகிறோம். பாதுகாப்பு ஆவணமும் எழுத வேண்டும். அதில் நடுவர்களுக்குத் திருப்தி இல்லையென்றால் வண்டி ஓடவே முடியாது. தொழிற்சாலையில் அவள் அன்றாடம் செய்யப்போகும் வேலை இதுவே. பரிசு வராவிட்டாலும் அந்தக் குறிப்பேட்டை நேர்காணலுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

கார் போட்டிக்கும் பதிவுக் கட்டணம் இருக்கும், பொருள் செலவும் உண்டு. அதை மாணவர் மன்றமோ துறையோ கட்டுவதுதான் வழக்கம்.

அடுத்த ஆண்டு அவளுக்கு இறுதியாண்டு வடிவமைப்புத் திட்டம் வரும். 1922இல் தொடங்கிய பிரிட்டனின் இரசாயனப் பொறியாளர் கழகத்துக்குக் கோலாலம்பூரில் அலுவலகம் உண்டு. சுற்றுச்சூழலுக்கு ஏற்ற சிறந்த மாணவர் வடிவமைப்புக்கு அந்தக் கழகம் தரும் மெக்நாப்-லேசி பரிசைப் பற்றித் துறையில் இப்போதே விசாரிக்கச் சொல்லுங்கள்.

புத்தாக்கக் கண்காட்சியே கூடாதா என்றால், ஒரு விதிவிலக்கு உண்டு. மகளிடம் உண்மையிலேயே புதிய பொருளோ செய்முறையோ இருந்து, அதைத் தொழில்துறையினர் நேரில் வந்து பார்க்கும் கண்காட்சியாக இருந்தால் போகலாம். ஆனால் அங்கேதான் பெரிய ஆபத்தும் இருக்கிறது. பொதுவில் காட்டிவிட்ட கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை கிடைப்பது கடினம். மலேசியாவின் 1983ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் கண்டுபிடித்தவருக்கு ஓராண்டு அவகாசம் தருகிறது: தானே வெளிப்படுத்தியிருந்தாலும், அன்றிலிருந்து ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் அந்த வெளிப்பாடு கணக்கில் சேராது. ஐரோப்பாவில் பொதுவாக இந்தச் சலுகை கிடையாது. இங்கே தங்கம் வாங்கிக்கொண்டு, அங்கே உரிமையை இழக்க நேரும். கண்காட்சி மேடை மட்டுமே வெளிப்பாடு என்று நினைத்துவிடாதீர்கள். முகவர் ‘முழு அறிக்கை’ கேட்டு வாங்கி, மின்னூல் என்று இணையத்தில் ஏற்றிவிடுகிறாரே, அதுவும் வெளிப்பாடுதான். உங்கள் மகள் அறிக்கையை இன்னும் அனுப்பவில்லை என்றால் அனுப்பவே வேண்டாம். பல்கலைக்கழக ஆய்வகத்தில் செய்த வேலையில் பல்கலைக்கழகத்துக்கும் உரிமை இருக்கக்கூடும். ஆகவே முதலில் அங்குள்ள அறிவுசார் சொத்துப் பிரிவிடம் காட்டட்டும், பிறகு விண்ணப்பம், அதற்குப் பிறகே கண்காட்சி. இந்த வரிசை மாறக் கூடாது.

கடைசியாக அந்த 300 ரிங்கிட். பதக்கம் வேண்டாம், திட்டத்திலிருந்து விலகுகிறோம், முன்பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று வாட்ஸ்அப்பிலேயே எழுத்தில் கேளுங்கள். ‘தங்கம் உறுதி’ என்று அவர் எழுதிய செய்தியைப் படமெடுத்து வையுங்கள். ஆள் தலைமறைவாகிவிட்டால் உடனே வங்கிக்கும் மோசடிப் புகாருக்கான 997 எண்ணுக்கும் சொல்லிவிட்டு, போலீஸ் புகார் கொடுங்கள். ஆள் இருக்கிறார், பணம் மட்டும் தரமாட்டேன் என்கிறார் என்றால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். மனுக் கட்டணம் 5 ரிங்கிட். வழக்கறிஞர் வேண்டியதில்லை, ரசீதையும் அந்தப் படத்தையும் எடுத்துக்கொண்டு நீங்களே போங்கள்.