எனக்கு டாக்சி கூப்பிடு, என்னை டாக்சி என்று கூப்பிடு

வணக்கம் ஐயா,

என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். ராத்திரி நான்தான் அவளுக்கு ஆங்கில இலக்கணம் சொல்லித் தருகிறேன். எஸ் வி ஓ (சப்ஜெக்ட், வெர்ப், ஆப்ஜெக்ட்), எஸ் வி சி (ஆப்ஜெக்ட்டுக்குப் பதில் காம்ப்ளிமெண்ட்) என்று வாக்கியத்தைப் பிரிக்கும் பாடத்தில் இருவருமே மாட்டிக்கொண்டோம். வெர்புக்கு அப்புறம் ‘வாட்’ என்று கேள், பதில் வந்தால் அது ஆப்ஜெக்ட் என்று என் காலத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். அதையே அவளுக்கும் சொன்னேன். ‘ஷி பிகேம் எ டாக்டர்.’ பிகேம் வாட்? டாக்டர். ஆப்ஜெக்ட் என்று எழுதினாள். டீச்சர் சிவப்பு மையில் சுழித்துவிட்டார், அது காம்ப்ளிமெண்ட்டாம். ‘ஷி மெட் எ டாக்டர்’ என்றால் மட்டும் ஆப்ஜெக்ட்டா? இன்னொன்றும் கேட்க வேண்டும். ‘ஹி இஸ் இன் தெ கார்டன்’ என்பதில் கடைசிப் பகுதி சி-யா, அல்லது எங்கே, எப்போது, எப்படி என்று சொல்லும் ஏ-வா?

ஒரு வாசகி, திண்டுக்கல்

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் மகள் மேல் தப்பில்லை, அந்த ‘வாட்’ மேல்தான் தப்பு. நானும் அதை வைத்துத்தான் பள்ளியில் மதிப்பெண் இழந்தேன். ஆங்கிலத்தின் ஒற்றை வாட், தமிழில் எது, எதை, என்ன என்று மூன்றாக நிற்கிறது. அதனால் கேள்வியைத் தமிழில் கேட்டுப் பாருங்கள். யாரைச் சந்தித்தாள்? டாக்டரை. சரி. யாரை ஆனாள்? கேட்கும்போதே நாக்கு இடறுகிறது. என்ன ஆனாள் என்றுதான் வாயில் வரும். சந்தித்தவள் ஒருத்தி, டாக்டர் வேறொருவர். ஆனவளும் டாக்டரும் ஒரே ஆள். ‘டாக்டரை’ என்பதில் வரும் ‘ஐ’ ஒட்டினால் ஆப்ஜெக்ட். ஐ ஒட்டாமல் ‘ஆக’, ‘ஆனாள்’, ‘என்று’ இவற்றோடு சேர்ந்து நின்றால் காம்ப்ளிமெண்ட். ‘கு’ வந்தால் பெரும்பாலும் இன்டைரக்ட் ஆப்ஜெக்ட்.

ஆங்கிலத்தில் ஒரு பழைய கடி ஜோக் உண்டு. ஓட்டல் வாசலில் ஒருவர் ‘கால் மீ எ டாக்சி’ என்கிறார். வாசல்காரர் பணிவாக, ‘சரி சார், நீங்கள் ஒரு டாக்சி’ என்கிறார். நாலு சொல்தான், அதில் இரண்டு வாக்கியங்கள் ஒளிந்திருக்கின்றன. ‘எனக்கு ஒரு டாக்சி கூப்பிடு’ என்றால் மீ இன்டைரக்ட் ஆப்ஜெக்ட், டாக்சி டைரக்ட் ஆப்ஜெக்ட். ‘என்னை டாக்சி என்று கூப்பிடு’ என்றால் மீ ஆப்ஜெக்ட், டாக்சி காம்ப்ளிமெண்ட். ஆங்கிலத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. தமிழில் அந்த ஜோக்கே சொல்ல முடியாது, ‘எனக்கு’ என்று ஆரம்பித்ததுமே குட்டு உடைந்துவிடும். ‘ஷி மேட் ஹிம் காஃபி’, ‘தே மேட் ஹிம் கேப்டன்’ இரண்டையும் மகளிடம் கொடுங்கள். ஒன்றில் அவனுக்குக் காபி போட்டாள், இன்னொன்றில் அவனைக் கேப்டன் ஆக்கினார்கள்.

வெர்ப் வகைக்கு வருவோம். ஆப்ஜெக்ட் எடுக்கும் டிரான்சிடிவ் இவை, எடுக்காத இன்டிரான்சிடிவ் இவை என்று பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள். ஒரே சொல் இரண்டு பக்கமும் போகும். வீட்டில் கண்ணாடி டம்ளர் உடைந்தால் குழந்தை என்ன சொல்லும்? ‘டம்ளர் உடைஞ்சுபோச்சு.’ நாம் விடுவோமா? ‘உடைஞ்சுதா, நீ உடைச்சியா?’ அந்த ஒரு ‘ச்’-சில் இருக்கிறது செயப்படுபொருள் குன்றிய வினையும் குன்றா வினையும். ஆங்கிலக் குழந்தைக்கு இரண்டுக்கும் ‘ப்ரோக்’தான். பின்னால் ஆப்ஜெக்ட் இருக்கிறதா என்று பார்த்துத்தான் வகை சொல்ல முடியும்.

சப்ஜெக்ட்டைக் காம்ப்ளிமெண்ட்டோடு இணைக்கும் லிங்கிங் வெர்பும் அப்படியே. ‘தெ குக் டேஸ்டட் தெ சாம்பார்’ என்றால் சமையல்காரர் சாம்பாரை ருசி பார்த்தார். ‘தெ சாம்பார் டேஸ்டட் சால்ட்டி’ என்றால் சாம்பார் உப்புக் கரித்தது. டேஸ்டட்டை எடுத்துவிட்டு ‘வாஸ்’ போட்டுப் பாருங்கள். இரண்டாவது வாக்கியம் அப்படியே நிற்கும். முதலாவதில் சமையல்காரரே சாம்பார் ஆகிவிடுவார்.

இந்தத் தமிழ்ச் சோதனைக்கும் ஓட்டைகள் உண்டு. ‘காபி குடித்தாள்’ என்பதில் ஐ மறைந்திருக்கிறது. காபியை என்று சேர்த்துப் பார்த்தால் பொருந்தும். ‘ஐ லைக் மேங்கோஸ்’தான் தொல்லை. எனக்கு மாம்பழம் பிடிக்கும் என்று பெயர்த்தால் கணக்கே தலைகீழ், கு வந்தாலும் ‘நான்’ என்று பொருள்படும் ஆங்கில ‘ஐ’தான் அங்கே சப்ஜெக்ட். அங்கே மட்டும் ‘நான் மாம்பழத்தை விரும்புகிறேன்’ என்று யாரும் பேசாத தமிழைப் பேசிக்கொள்ள வேண்டியதுதான்.

பாஸிவ் வாய்ஸாக மாற்ற முடிந்தால் ஆப்ஜெக்ட் என்று சில டீச்சர்கள் சொல்வார்கள். நல்ல வழிதான், ஆனால் ‘ஹி ரிசெம்பிள்ஸ் ஹிஸ் ஃபாதர்’, ‘ஹி ஹேஸ் எ கார்’ இரண்டும் பாஸிவ் ஆகாது. ஃபாதரும் காரும் ஆப்ஜெக்ட்தான். இங்கே எனக்கு நன்னூல் ஞாபகம் வரும். இரண்டாம் வேற்றுமைக்கு, அதாவது இந்த ஐ-க்கு, பவணந்தி முனிவர் சொல்லும் பொருள்கள் ஆக்கல், அழித்தல், அடைதல், நீத்தல், ஒத்தல், உடைமை. கடைசி இரண்டைப் பாருங்கள். தந்தையை ஒத்தான், பொன்னை உடையான். பாஸிவில் மாட்டாத அந்த இரண்டு ஆங்கில வெர்புகளும் அவர் பட்டியலில் வந்து உட்கார்ந்திருக்கின்றன! ஆங்கிலத்துக்காக அவர் எழுதவில்லை என்பது வேறு விஷயம்.

உங்கள் இரண்டாவது கேள்வி. ‘இன் தெ கார்டன்’ ஏ. பள்ளியில் ஏ என்றால் எடுத்துவிட்டாலும் வாக்கியம் நிற்கும் என்று சொல்லிவிடுவதால் சந்தேகம் வருகிறது. ‘ஹி ஸ்லெப்ட் இன் தெ கார்டன்’ என்பதில் எடுக்கலாம். ‘ஹி இஸ்’ என்று நிறுத்தினால் அந்தரத்தில் தொங்கும். ‘ஹி புட் தெ புக் ஆன் தெ டேபிள்’ என்பதிலும் டேபிளை எடுக்க முடியாது. 1985-இல் ராண்டால்ஃப் குவர்க் என்ற மொழியியல் அறிஞரும் வேறு மூவரும் சேர்ந்து எழுதிய பெரிய ஆங்கில இலக்கணம் வாக்கியங்களை ஏழு வகையாகப் பிரிக்கிறது. அதில் எஸ் வி ஏ-வும் எஸ் வி ஓ ஏ-வும் தனி வகைகள். அதனால் எங்கே, எப்போது என்று கேட்டுப் பதில் வந்தால் தயங்காமல் ஏ போடச் சொல்லுங்கள்.

‘எப்படி’ வந்தால் மட்டும் கொஞ்சம் நிதானம். ‘ஷி சிங்ஸ் வெல்’ என்றால் நன்றாகப் பாடுகிறாள், ‘ஷி இஸ் ஃபைன்’ என்றால் நன்றாக இருக்கிறாள். இரண்டுக்கும் நம்மிடம் ‘நன்றாக’தான். ஆனால் வெல் அட்வெர்ப், அதனால் ஏ. ஃபைன் அட்ஜெக்டிவ், அதனால் சி. இந்த இடத்தில் தமிழைக் கேட்காதீர்கள், அகராதியைப் புரட்டச் சொல்லுங்கள்.